பாலிசி மேடையின் மறுபுறம்

எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் அவருக்கு இரண்டு பெயர்கள். உள்ளே இருப்பவர்களுக்கு ‘மறுபுறம் சார்’. வெளியே இருந்து தேடி வருகிறவர்களுக்கு ‘பாலிசி சார்’. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. அந்த இரண்டு பெயர்களும் வந்த விதத்தைச் சொன்னாலே, அரசுக் கொள்கைகளுக்கும் பொருளாதாரத்துக்கும் என்று எங்கள் பத்திரிகை தன் இணையதளத்தில் நடத்திய வலைப்பதிவின் வரலாற்றைச் சொன்னதாகிவிடும். வேறு யாரும் அந்த வரலாற்றை எழுதப் போவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

எனக்குத் தகுதி உண்டு. அந்த வலைப்பதிவில் வந்த ஒவ்வொரு கட்டுரையையும் கடைசி வரி வரை படித்த ஒரே ஆள் நான்தான். எழுதியவரே கடைசிப் பத்தி வரும்போது கொட்டாவி விடுவார்.

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல்மாடி எங்கள் அலுவலகம். நான் அங்கே பிழை திருத்தச் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா கைநாட்டு. அம்மாவுக்கு அந்தப் பழக்கமும் கிடையாது. விரலை வைக்கச் சொன்னால் எந்த விரல் என்று அப்பாவைப் பார்ப்பார். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து போய்த் தமிழ் இலக்கியம் படித்து, க், ச், த், ப் எங்கே மிகும், எங்கே மிகாது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் அளவுக்கு வந்திருந்தேன். அதில் எனக்கு இருந்த கர்வத்தை நான் மறைத்ததில்லை. கீழே பாத்திரத்தில் பெயர் வெட்டும் அண்ணன்கூட மெஷினை அணைத்துவிட்டு மாடி ஏறி வருவார். “தங்கச்சி, ‘திருமணப் பரிசு’ல ‘ப்’ வருமா வராதா? குடத்துல வெட்டிட்டா அழிக்க முடியாது.” வரும் என்பேன். அவர் இறங்கிப் போய் வெட்டுவார். எங்கள் கட்டடத்தில் தயங்காமல் முடிவெடுத்த மனிதர்கள் நாங்கள் இருவர்தான்.

சார் அப்போது நெல், கடலை, உளுந்து விலை நிலவரம் எழுதிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். எந்தக் காலத்திலும் ஒரு கையில் குடை, இன்னொரு கையில் வெயிலுக்குத் தொப்பி. வானத்தை நம்பி ஒன்றை மட்டும் எடுத்து வந்தவர் இல்லை.

பத்திரிகை முதலாளியின் மகன் சென்னையில் இருந்துவிட்டு ஊர் திரும்பினார். அவரைச் சின்ன முதலாளி என்போம். வந்த வாரமே கூட்டம் போட்டு, இனிமேல் எல்லாம் இணையம்தான் என்றார். இணையதளத்தில் நான்கு வலைப்பதிவுகள் தொடங்கினார்: சமையல், ஜோதிடம், சினிமா, பொருளாதாரம். முதல் மூன்றுக்கும் ஆட்கள் நான் நீ என்று கை தூக்கினார்கள். நான்காவதற்கு யாரும் தூக்கவில்லை. அலுவலகத்தில் பொருளாதாரத்துக்கு மிக அருகில் இருந்தது கடலை விலை. ஆகவே சாரிடம் கொடுத்தார்கள். அவர் எழுதித் தருவதைத் திருத்தித் தட்டச்சு செய்து ஏற்றும் வேலை எனக்கு.

முதலில் அதற்கு ‘கொள்கையும் பொருளும்’ என்று பெயர். சார் வைத்தது. மூன்று மாதத்தில் மூன்று கமெண்டுகள் வந்தன. ஒருவர், ‘பொருள் எங்கு கிடைக்கும் டெலிவரி உண்டா’ என்று கேட்டிருந்தார். இன்னொருவர் ‘அருமை’ என்று எழுதியிருந்தார். மூன்றாமவரும் ‘அருமை’. அந்த இரண்டு அருமையும் சின்ன முதலாளி போட்டது என்று எனக்குத் தெரியும். இரண்டிலும் ‘அறுமை’ என்று இருந்தது; நான்தான் திருத்தினேன்.

பிறகு சின்ன முதலாளி, பெயரில் தமிழ் அதிகமாக இருப்பதுதான் கோளாறு என்று கண்டுபிடித்து, ‘பாலிசி மேடை’ என்று மாற்றினார்.

எங்கள் பக்கத்தில் பாலிசி என்றால் ஒன்றுதான் உண்டு. பிள்ளை பிறந்ததும் ஒன்று எடுப்பார்கள், வெளிநாடு போகுமுன் ஒன்று எடுப்பார்கள். பெயர் மாறிய இரண்டாம் வாரம் கூட்டம் வந்தது. ‘பணவீக்கமும் வட்டி விகிதமும்: ஒரு பார்வை’ என்ற கட்டுரைக்குக் கீழே ஒருவர் எழுதினார்: ‘சார் அப்பாவின் பாலிசி பத்திரத்தை கரையான் அரித்து விட்டது என்ன செய்வது’. மாநிலங்களுக்கு வரிப் பங்கீடு பற்றிய கட்டுரைக்குக் கீழே: ‘கட்டுரை சூப்பர் என் பாலிசி எப்போ முடியும்’. மணமேல்குடியிலிருந்து ஒருவர், படகுக்குத் தனிப் பாலிசியா, வலைக்குத் தனிப் பாலிசியா என்று கேட்டார். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் ஒற்று இல்லாமல் எழுதினார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு படிப்பேன்.

சின்ன முதலாளி மாதாமாதம் வருகையாளர் வரைபடத்தைச் சுவரில் ஒட்டினார். கோடு ஏறிக்கொண்டே போனது.

“பாத்தீங்களா சார், நம்ம மாவட்டத்து ஜனங்களுக்கு பாலிசி மேல எவ்வளவு ஆர்வம்னு.”

“ஆமா தம்பி” என்றார் சார். அவருக்கு நன்றாகத் தெரியும். எனக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை. கோடு ஏறும்போது ஏன் ஏறுகிறது என்று கேட்கிற வழக்கம் எங்கள் அலுவலகத்தில் இல்லை.

இனி கட்டுரைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம். ‘ஒருபுறம்’ என்று ஆரம்பிக்கும். சரியாக நடுவில் ‘மறுபுறம்’ என்று திரும்பும். கடைசியில் ‘எது எப்படியாயினும் பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டும்’ என்று நிற்கும். ஒரு முறை விளையாட்டாக இரண்டு பாதியிலும் உள்ள வார்த்தைகளை எண்ணிப் பார்த்து, நான்கு வார்த்தைதான் சார் வித்தியாசம் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. எந்தப் பக்கம் கூட என்று கேட்டார். ஒருபுறம்தான் கூட என்றேன். உட்கார்ந்து மறுபுறத்தில் நான்கு வார்த்தைகள் சேர்த்துக் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிடப் போனார். ‘ஆகவே’ என்ற சொல்லை அவர் கட்டுரையில் நான் தட்டச்சு செய்ததே இல்லை.

எங்கள் ஊர் ஆவுடையார்கோவிலுக்குப் பக்கம். அந்தக் கோயில் கருவறையில் ஆவுடை மட்டும் இருக்கும். அதன்மேல் லிங்கம் இருக்காது. சோற்றைக் கொட்டி அதன் ஆவியைத்தான் நைவேத்தியமாகக் காட்டுவார்கள். சாமிக்கு அது பொருந்தும். சாரின் கட்டுரைகளும் அப்படியே இருந்தன. பீடம் பலமாக இருக்கும், மேலே வைக்க வேண்டியதை வைத்திருக்க மாட்டார். வாசகனுக்கு ஆவி மட்டும் வந்து சேரும்.

கட்டுரையில் மட்டும் என்றால் பரவாயில்லை. டீக்கடையில் சர்க்கரை போடவா என்று கேட்டால், “ஒருபக்கம் டாக்டர் வேண்டாங்கிறாரு, இன்னொரு பக்கம் சர்க்கரை இல்லாம...” என்று தொடங்குவார். பின்னால் நிற்பவர்கள் டீயை வாங்கிக் குடித்து முடித்துவிட்டுப் போவார்கள். கடைசியில் டீக்கடைக்காரர் சர்க்கரையைத் தனியே ஒரு பேப்பரில் மடித்துக் கொடுக்க ஆரம்பித்தார். சார் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். போடவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அவர் சட்டைப் பையில் எறும்பு ஊர்வதை நானே தட்டிவிட்டிருக்கிறேன்.

ஒரு நாள் ஆலங்குடிப் பக்கமிருந்து ஒரு விவசாயி போன் செய்தார். கடலை போடலாமா, உளுந்து போடலாமா என்று ஒரே கேள்விதான். சார் நாற்பது நிமிடம் பேசினார். ஏற்றுமதி, எண்ணெய் இறக்குமதி, பருவமழை எல்லாம் வந்தன. எதிர்முனையில் அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னது எனக்கே கேட்டது: “சரிங்க. நான் தைலமரமே போட்டுக்கிறேன்.”

போனை வைத்ததும் கேட்டேன். “ஏன் சார், ஏதாவது ஒண்ணச் சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நம்பிருவாங்கம்மா” என்றார்.

அவர் அதைப் பயந்த குரலில் சொன்னார். பத்திரிகைக்காரர் ஒருவர் பயப்பட வேண்டியது தன்னை யாரும் நம்பாமல் போவதற்குத்தானே என்று எனக்குத் தோன்றியது. அன்றைக்குச் சிரித்தேன். ஆனால் அந்த வாக்கியத்தை இன்னும் மறக்கவில்லை.

இதே மனிதர்தான் கமெண்டுகளுக்குப் பதில் எழுதினார் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். காலையில் வந்ததும் குடையையும் தொப்பியையும் ஆணியில் மாட்டிவிட்டு, முதல் வேலையாகப் பாலிசிக் கேள்விகளுக்குப் பதில் போடுவார். பல வருடம் பகுதி நேரமாக இன்சூரன்ஸ் முகவராக இருந்தவர். அந்த விதிகள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ‘கரையான் அரித்ததைத் தூக்கிப் போடாதீர்கள். மிச்சம் இருப்பதை ஒரு கவரில் போட்டுத் திங்கட்கிழமை காலை கிளை அலுவலகத்துக்குப் போங்கள். நகல் பத்திரம் என்று கேளுங்கள். அப்புறம் வா என்றால் கிளம்பாதீர்கள், உட்காருங்கள்.’ இவ்வளவுதான் பதில். ஒருபுறம் கிடையாது, மறுபுறம் கிடையாது.

“இதுல மட்டும் எப்பிடி சார் பட்டுன்னு சொல்றீங்க?”

“இதுல விதி இருக்கும்மா. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ருக்காங்க. நான் படிச்சுத்தான் சொல்றேன், நானாச் சொல்லல.”

ஆக, கட்டுரையைப் படிக்க ஆள் இல்லை. பதிலைப் படிக்கக் கூட்டம். பாலிசி மேடை இப்படி ஐந்து வருடம் ஓடியது.

ஐந்தாம் வருடம் ஒரு திங்கட்கிழமை, எங்கள் ஊர்ச் செல்வராணி அக்கா மாடி ஏறி வந்தார். எட்டாவது வரை படித்தவர். மகள் எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. பெற்றோரைக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு அக்காதான் தலைவி. கூட்டத்தில் மைக் கொடுத்தாலும் வாங்க மாட்டார், தேவைப்படாது.

“தங்கச்சி, இங்க பாலிசி பேசுறவரு யாரு?”

“இவருதான்க்கா.”

“வணக்கம் சார். எங்க பள்ளிக்கூடத்துல பதினோரு புள்ளதான் இருக்காம். ரோட்டடிப் பள்ளிக்கூடத்தோட சேக்கப் போறாங்களாம். வெள்ளிக்கிழமைக்குள்ள நான் தீர்மானத்துல கையெழுத்துப் போடணுமாம். போடவா, வேண்டாமா? அதக் கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்.”

“உக்காருங்கம்மா. இத மேக்ரோவாப் பாக்கணும்.”

“எப்பிடி?”

“பெருசா.”

“பெருசாப் பாத்தா எங்க ஊரே தெரியாது சார்.”

நான் திருத்திக்கொண்டிருந்த தாளுக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். சார் தொடர்ந்தார். “ஒருபக்கம் பாத்தா, பெரிய பள்ளின்னா வகுப்புக்கு ஒரு டீச்சர் இருப்பாங்க. மைதானம் இருக்கும். கம்ப்யூட்டர் இருக்கும்.”

“இருக்கு சார். நல்ல பள்ளிக்கூடந்தான், நான் குறை சொல்லல. நடுவுல கலிங்கு இருக்கு. கண்மாய் நெறைஞ்சா ஐப்பசி, கார்த்திகையில கலிங்குல தண்ணி போகும். எனக்கே இடுப்பளவு வரும். புள்ளைங்க எப்பிடிப் போகும்?”

“அது மறுபக்கம்.”

“ஆமா சார், பள்ளிக்கூடம் மறுபக்கந்தான் இருக்கு.”

சார் கடைசியில், “ரெண்டு பக்கத்தையும் எழுதுறேன். படிச்சுப் பாத்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க” என்றார்.

“நான் படிச்சு முடிவு பண்ணவா ரெண்டு பஸ் மாறி வந்தேன்?” என்று அக்கா என்னிடம் கேட்டார். படியில் இறங்கும்போது கேட்டார். அதனால் கீழே பாத்திரக் கடை வரை கேட்டது.

அது நான் படித்த பள்ளிக்கூடம். இரண்டு அறை, ஒரு வராண்டா, பூட்டு சரியாக விழாத ஒரு பீரோ. அதன்மேல் எனக்குப் பெரிய பாசம் ஒன்றும் கிடையாது. அந்த வராண்டாவில் முட்டி போட்ட ஞாபகம்தான் அதிகம். ஆனால் ஒன்று தெரியும். அது கலிங்குக்கு எங்கள் பக்கம் இருந்தது. அந்தப் பக்கம் இருந்திருந்தால் அம்மா என்னை ஐப்பசியில் நிறுத்தியிருப்பார். தையில் கதிரறுக்க அனுப்பியிருப்பார். அப்புறம் நான் திரும்பிப் போயிருக்க மாட்டேன். என் ஒற்றும் என் கர்வமும் கலிங்குக்கு இந்தப் பக்கம் கட்டிய இரண்டு அறையில் வந்தவை. இதை நான் சாரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு மறுபுறம் எழுதுவார்.

செவ்வாய்க்கிழமை கட்டுரை வந்தது. தலைப்பு ‘சிறு பள்ளிகள் இணைப்பு: ஒருபுறமும் மறுபுறமும்’. கையால் எழுதிய இரண்டு பக்கம். இந்த முறை வார்த்தைகள் இரண்டு பாதியிலும் மிகச் சரியாக இருந்தன. நானே எண்ணினேன்.

புதன்கிழமை ஊரில் கூட்டம். விடுப்புப் போட்டுவிட்டு நானும் போனேன். கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அலுவலர் வந்திருந்தார். பேசத் தெரிந்தவர். கையில் போனை எடுத்து, “இத நான் சொல்லலங்க. புதுக்கோட்டையில பத்திரிகை நடத்துறாங்க, பாலிசி மேடைன்னு ஒரு வலைப்பதிவு. அதுல பெரிய அறிஞர் ஒருத்தர் எழுதியிருக்காரு” என்று சாரின் முதல் பாதியை வாசித்தார். மைதானம், கம்ப்யூட்டர், வகுப்புக்கு ஒரு ஆசிரியர். நன்றாக இருந்தது. நானே தலையாட்டிவிட்டேன்.

அவர் முடித்ததும் செல்வராணி அக்கா ஒரு பிளெக்ஸைப் பிரித்தார். ‘பாலிசி மேடை சொல்வதைப் பாரீர்’ என்ற தலைப்பில் சாரின் இரண்டாம் பாதி முழுதும் அச்சாகியிருந்தது. கலிங்கு, தண்ணீர், பெண் பிள்ளைகள் இடையில் நிற்பது எல்லாம் இருந்தன. சாரின் படம் கிடைக்காததால் பிளெக்ஸ்காரர் கூப்பிய இரண்டு கைகளை மட்டும் போட்டிருந்தார்.

கடைசியில் உட்கார்ந்திருந்த ஒரு மாமா எழுந்தார். “ரெண்டும் ஒரே ஆளு எழுதுனதா?”

“ஆமாங்க” என்றார் அலுவலர்.

“ஆமா மாமா” என்றார் அக்கா.

“அப்ப அந்த ஆளுக்கு என்னதான் வேணுமாம்?”

கூட்டம் கலைந்தது. அலுவலர் காரில் ஏறும்போது, “வெள்ளிக்கிழமை வாரேன். தலைவி கையெழுத்துப் போட்டா வேலை முடிஞ்சுச்சு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா பிளெக்ஸைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: “தங்கச்சி, ஒங்க சாரு இன்சூரன்ஸ்னா மட்டும் நறுக்குன்னு சொல்றாரு. என் தம்பி சவுதிக்குப் போகையில கேட்டான், ஒரே வரியில பதில் போட்டாரு. எங்க பள்ளிக்கூடத்துக்கு மட்டும் ஏன் இந்த வளவளா?”

எனக்கு அந்த இடத்தில்தான் பொறி தட்டியது.

வியாழக்கிழமை காலை, சார் வருவதற்கு முன்பே பாலிசி மேடையில் ஒரு கமெண்ட் ஏறியிருந்தது. அக்காவிடம் போனில் சொல்லிவிட்டு, அவர் பெயரில் நான் எழுதியது:

‘ஐயா, எங்கள் ஊருக்கென எடுக்கப்பட்ட பாலிசி அறுபது ஆண்டுகளாகத் தவறாமல் நடந்து வருகிறது. பலன் பெற்றவர்கள் பலர். இப்போது பயனாளிகள் குறைந்துவிட்டதாகக் கூறிக் கையெழுத்துக் கேட்கிறார்கள். இதை வேறொரு பெரிய பாலிசியோடு சேர்த்துவிடப் போகிறார்களாம். அந்தப் பெரிய பாலிசியின் பலன் மழைக்காலத்தில் எங்களுக்குக் கிடைக்காது. கையெழுத்துப் போடலாமா? – செல்வராணி.’

சார் வந்தார். குடை ஒரு ஆணியில், தொப்பி ஒரு ஆணியில். உட்கார்ந்தார். நான் தாளுக்குள் தலையை விட்டுக்கொண்டேன். கீழே யாருடைய பெயரையோ குடத்தில் வெட்டிக்கொண்டிருந்தார்கள். எந்த இன்சூரன்ஸ் மழைக்காலத்தில் லீவு விடும் என்று அவர் கேட்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். கேட்கவில்லை. கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். பிறகு இரண்டு விரலால் அடிக்க ஆரம்பித்தார்.

‘போடாதீர்கள். நடப்பில் இருக்கும் பாலிசியைச் சரண்டர் செய்தால் அதே பாலிசி திரும்பக் கிடைக்காது. சேர்த்துவிட்டால் வசதி என்று சொல்பவர்களுக்குத்தான் அது வசதி. மழைக்காலத்துக்கு யார் பொறுப்பு என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தரும்வரை கையெழுத்து இல்லை என்று சொல்லுங்கள். பயப்படாதீர்கள்.’

‘பயப்படாதீர்கள்’ என்று அவர் அதற்கு முன் யாருக்கும் எழுதியதில்லை. நான் அதை அப்போது கவனிக்கவில்லை. ஏமாற்றிவிட்டோம் என்ற சந்தோஷத்தில் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை நடந்ததை அக்கா பத்து முறையாவது சொல்லியிருப்பார், ஒவ்வொரு முறையும் அலுவலருக்குக் கொஞ்சம் கூடுதலாக வியர்க்கும். அக்கா அந்தப் பதிலை அச்சிட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையில் வைத்திருந்திருக்கிறார்.

“பாலிசி சாரு போடாதீங்கன்னு சொல்லிட்டாரு சார். இந்தாங்க.”

அலுவலர் படித்துப் பார்த்திருக்கிறார். “இது இன்சூரன்ஸுக்குச் சொன்னதும்மா.”

“பாலிசி மேடைன்னுதான சார் போட்ருக்கு? அன்னைக்கு நீங்களும் இந்த மேடையிலேருந்துதான எடுத்து வாசிச்சீங்க? பெரிய அறிஞர்னீங்க. அவரு புதன்கிழமை அறிஞரு, வெள்ளிக்கிழமை இல்லையா?”

மழைக்காலத்துக்கு யார் பொறுப்பு என்று எழுதித் தரச் சொல்லி அக்கா வெள்ளைத் தாளை நீட்டியிருக்கிறார். அந்தத் தாளில் அலுவலர் கையெழுத்துப் போடவில்லை, இந்தத் தீர்மானத்தில் அக்கா போடவில்லை. பிறகு கோப்பில் அவர் எழுதிய குறிப்பை அக்கா எப்படியோ படம் எடுத்து எனக்கு அனுப்பினார்: ‘ஒருபுறம் இணைப்பு அவசியமாயினும், மறுபுறம் உள்ளூர்ச் சூழலைக் கருத்தில் கொண்டு, அடுத்த கல்வியாண்டில் மறுபரிசீலனை செய்யலாம்.’ சாரின் நடை அரசாங்கக் கோப்பு வரை போய்ச் சேர்ந்துவிட்டதே என்று வியந்தேன்.

அதோடு முடியவில்லை. யாரோ சின்ன முதலாளிக்குப் போன் செய்து, பள்ளி இணைப்பில் உங்கள் பத்திரிகையின் பாலிசி என்ன என்று கேட்டிருக்கிறார்கள். அவர் அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கமெண்டுகளைப் படித்தார். முழு மதியமும் படித்தார். அறையிலிருந்து வெளியே வரும்போது முகம் வேறு மாதிரி இருந்தது.

“சார், இந்தக் கோடு ஏறுனது பூரா இன்சூரன்ஸா?”

“ஒருபக்கம் பாத்தா...” என்றார் சார்.

“அந்தச் செல்வராணிக்கு எழுதுன பதில்ல ஏதாவது பொதுவா ஒரு வரி சேருங்க. நாம எந்தப் பக்கமும் இல்லன்னு வரணும்.”

சார் என் மேஜைக்கு வந்தார். சின்ன முதலாளி பின்னாலேயே நின்றார். “அம்மா, அந்தப் பதிலுக்குக் கீழ ஒரு மறுபுறம் சேத்துட முடியுமா?” என்று சார் சற்றுச் சத்தமாகவே கேட்டார்.

சேர்க்க முடியும். இரண்டு முறை அழுத்தினால் போதும். நான் சாரின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்: “ஒரு தடவ போட்ட கமெண்ட்ட மாத்த முடியாது சார். குடத்துல வெட்டுன மாதிரி.”

“முடியாதாம் தம்பி” என்று சார் திரும்பிச் சொன்னார். எந்தப் பக்கமும் சாயாத குரல். வேறு யாராவது முயன்று பார்க்கலாமா என்று அவர் கேட்கவில்லை.

அடுத்த மாதம் பாலிசி மேடையைச் சீரமைத்தார்கள். ஐந்து வருடக் கட்டுரைகளை எடுத்துவிட்டுக் கமெண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இன்சூரன்ஸ் விளம்பரம் வர ஆரம்பித்தது. சாருக்கு வயதாகிவிட்டது என்று சொல்லி, மாலை போட்டு, ஒரு எவர்சில்வர் குடம் கொடுத்து அனுப்பினார்கள். கேள்விகளுக்கு இப்போது ஒரு கணினி நிரல் பதில் சொல்கிறது. ‘உங்கள் கேள்விக்கு நன்றி. இதை இரண்டு கோணங்களில் அணுகலாம்’ என்று தொடங்குகிறது. கரையான் அரித்த பத்திரத்தைக்கூட இரண்டு கோணங்களில் அணுகுகிறது. ஒற்றுப்பிழை இல்லை. அதுதான் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்.

சாரை அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை பார்த்தேன். போன கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை, ஊருக்குப் போகப் புதுக்கோட்டை பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். தூறிக்கொண்டிருந்தது. அவர் விரிக்காத குடையுடன், தலையில் தொப்பியுடன் நனைந்துகொண்டு வந்தார்.

“ஊருக்கா?”

“ஆமா சார். நீங்க?”

“சும்மா. வீட்டுக்குப் போகலாமா, லைப்ரரிக்குப் போகலாமான்னு பாத்துக்கிட்டிருக்கேன்.” தொப்பியைக் கழற்றி நீரை உதறிப் போட்டுக்கொண்டார். “கலிங்குல தண்ணி போகுதா?”

“போகுது சார். முந்தாநாள்லேருந்து.”

“பள்ளிக்கூடம்?”

“நடக்குது சார். பதினொண்ணு இருந்துச்சு. இப்ப பன்னெண்டு.”

“ஒண்ணு கூடியிருக்கு” என்றார். பிறகு ஞாபகம் வந்தவர் போல, “அந்தக் கேள்விய எழுதுன செல்வராணி நல்லா இருக்காங்களா?” என்று கேட்டார்.

“நல்லா இருக்காங்க.”

“எட்டாவது படிச்சவங்கன்னு சொன்னாங்கல்ல?”

“ஆமா சார்.”

“‘கூறிக் கையெழுத்து’ன்னு எழுதியிருந்தாங்கம்மா. ‘கையெழுத்துக் கேட்கிறார்கள்’னு எழுதியிருந்தாங்க. அஞ்சு வருசமா அந்த மேடையில கமெண்ட் படிச்சேன். ஒருத்தர்கூட அங்கன ‘க்’ போட்டதில்ல.”

அறந்தாங்கி வழி ஆவுடையார்கோவில் பேருந்து வந்து நின்றது. ஆட்கள் இடித்துக்கொண்டு ஏறினார்கள். நானும் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, கண்ணாடியைத் தள்ளிக் கேட்டேன்.

“அப்ப தெரிஞ்சேதான் அந்தப் பதிலப் போட்டீங்களா சார்?”

“ஒருபக்கம் பாத்தா, தெரியும்” என்றார்.

நடத்துநர் விசிலடித்தார். மறுபக்கத்தைக் கேட்பதற்காக நான் ஜன்னலில் காதை வைத்துக் காத்திருந்தேன். அவர் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்துபோனார்.